மூன்று முறை கேட்பது விதி

உள்ளே விடுமுன் மூன்று முறை கேட்க வேண்டும்:
காசு, ஊக்கு, சாவி, காதில் கடுக்கன்,
எங்காவது அறுத்து உள்ளே வைத்த கம்பி.
பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு
பல் விளக்குவதுபோல் ஆகிவிட்டது எனக்கு.
எல்லோரும் இரண்டாம் முறையே முறைப்பார்கள்.

கவின்பாண்டி முறைக்கவில்லை.
பதினோரு வயது. அவனியாபுரம்.
"இன்னொருக்கா கேளுங்கக்கா" என்றான்,
"நாலா இருக்கணும்."
கேட்டேன்.
இதற்குத்தான் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள் என்று
பிறகு தெரிந்தது.

இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து,
பாண்டி கோயிலில் கட்டியது.
வெள்ளியைக் காந்தம் இழுக்காது;
உள்ளே சுருட்டி வைத்திருப்பது
எந்தத் தகடு என்று யார் கண்டது?
முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள் முத்துராக்கு,
நீலத் தட்டில் வைத்தாள்.
அவன் போய்த் தொட்டுப் பார்த்தான்.
வந்தான். போனான். வந்தான்.
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

குழாய்க்குள் போனதும் தட்டத் தொடங்கியது,
செல்லூரில் ஒரே சந்தில் ஏழு தறி ஓடுவதுபோல்.
ஆறாவது நிமிடம் ரப்பர் பந்தை அமுக்கினான்.
பயந்துவிட்டாயா என்று மைக்கில் கேட்டேன்.
"நாப்பத்திமூணுல நின்னுபோச்சுக்கா.
ஒரு தட்டு பாக்கி."
அந்த ஒரு தட்டுக்காக
அந்தத் தொடர் முழுவதையும் மறுபடி எடுத்தேன்.
தாளில் எழுதிய காரணம்: அசைவு.
பொய். கல் மாதிரிக் கிடந்தான் பிள்ளை.

பன்னிரண்டு வாரம் மாத்திரை.
மருந்தா, வெறும் மாவா என்பது
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.
டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஆய்வின் கேள்வி சின்னது.
தலையின் நடுவே இரண்டு பாக்கு அளவில் ஒன்று,
வரும் சேதியையெல்லாம் பிரித்து அனுப்புகிற இடம்,
மருந்துக்குப் பின் சற்றே சிறுக்கிறதா?
நெற்றிக்குப் பின்னால் ஓயாமல் எரிவது
கொஞ்சம் தணிகிறதா?
பெரியார் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து
ஆளை இறக்கிவிடாமலே ஓடுகிற பஸ் என்று
டாக்டர் இன்பசீலி மாணவர்களுக்கு விளக்கினார்.
எழுதிக்கொண்டார்கள்.

முத்துராக்குக்கு வேறு கணக்கு.
லாரித் தண்ணீர், குடம் பன்னிரண்டு ரூபாய்.
அவன் கைகழுவ மட்டும் நாளுக்கு ஆறு குடம்.
"கையப் பாருங்க மேடம்" என்று விரித்துக் காட்டினாள்.
சுண்ணாம்பு குழைத்தே முதிர்ந்த
ஒரு கொத்தனாரின் கை.

இரண்டாம் படம் கார்த்திகையில்.
மழை. கரண்ட் போய் வந்து ஒன்றரை மணி நேரம் தாமதம்.
"இப்ப நாலு குடம்" என்றாள், நான் கேட்காமலே.
கொஞ்சம் யோசித்து,
"மூணரைன்னும் சொல்லலாம்."

அவனிடம் கேட்டேன்: காசு, ஊக்கு, சாவி, கம்பி.
மறுபடி: காசு, ஊக்கு...
"அதான் இல்லைன்னேன்லக்கா."
எனக்கு என்னவோ செய்தது.
மூன்றாவது முறையும் கேட்டேன். விதி.
நாலாவதுக்கு ஒரு நொடி நின்றேன்.
அவன் ஏறிப் படுத்துவிட்டான்.

இரண்டு படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தேன்.
வைக்கக் கூடாது.
ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
சாம்பல். அதன் பக்கத்தில் சாம்பல்.
அளப்பவர்கள் வேறு கட்டிடத்தில்;
அவர்களுக்கு அவன் பதினேழு என்கிற எண்.
குடத்தைப் பற்றி அவர்களிடம் யார் சொல்வார்கள்?

ஆறு மணிக்கு அறையைப் பூட்டும்போது
நீலத் தட்டில் கிடந்தது தாயத்து.
எதையும் மறக்கத் தெரியாதவன்
மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள்.
"வச்சிருங்க மேடம், வெள்ளிக்கிழமை வாரேன்."
பின்னால் அவன் குரல்:
"அம்மா, காலைல கதவப் பூட்டுனியா?"
பூட்டுனேன்.
"பூட்டுனியா?"
பூட்டுனேன்டா.

போனைக் காதோடு அழுத்திக் காத்திருந்தேன்.
ஹாரன். யாரோ சில்லறை கேட்டார்கள்.
லைன் அறுந்துபோனது.